விண்டேஜ் உடை ஏன் அலமாரியிலேயே தங்கிவிடுகிறது?

பழைய உடைகள் வாங்கும் பலருக்கும் ஒரே புகார்தான். கடையில் பார்த்தபோது அள்ளிக்கொண்டு போகலாம் போல இருந்தது, வீட்டுக்கு வந்ததும் ஒருமுறை போட்டுப் பார்த்தாயிற்று, அப்புறம் அது ஹேங்கரிலேயே தொங்குகிறது. தங்கள் ரசனையில்தான் கோளாறு என்று நொந்துகொள்கிறார்கள். என் கணிப்பில் கோளாறு ரசனையில் இல்லை. இத்தனை வருடம் தாண்டி நம் கைக்கு எந்த மாதிரி உடை வந்து சேர்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

1955-இல் ஒரு பெண் பத்து உடைகள் வைத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். தினமும் வேலைக்குப் போட்டுப் போனவை வெளுத்தன, கிழிந்தன, தங்கைக்குப் போயின, கடைசியில் தரை துடைக்கப் பயன்பட்டன. ஒரே ஒரு விருந்துக்குப் போட்ட சாட்டின் கவுன் மட்டும் பெட்டியில் பத்திரமாக இருந்தது. இன்று விற்பனைக்கு வருவது அந்தக் கவுன்தான். அளவிலும் இதே கதை. பலருக்கும் பொருந்திய நடுத்தர அளவு உடைகள் கைமாறிக் கைமாறித் தேய்ந்துபோயின. மிகக் குறுகிய இடுப்பளவுள்ளவை அடுத்து யாருக்கும் நுழையாததால் தப்பித்தன. அந்தக் காலத்தில் எல்லோரும் ஒல்லியாக இருந்தார்கள் என்று நாம் நினைத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். ‘அந்தக் காலத் தையலே தனி’ என்ற பேச்சிலும் பாதிதான் உண்மை. மட்டமாகத் தைத்தவை அப்போதே குப்பைக்குப் போய்விட்டன, அவற்றை நாம் பார்க்கவே இல்லை.

ஆகவே, அன்றாடம் உடுத்துவதற்காக விண்டேஜ் தேடுகிறவருக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. உழைப்பதற்கென்றே தைக்கப்பட்டு, அடிபட்டும் தாங்கி வந்த உடைகளைத் தேடுவது ஒன்று. ராணுவ உபரிக் கோட்டுகள், பட்டறைத் தொழிலாளர் ஜாக்கெட்டுகள், டெனிம், கம்பளிக் கோட்டுகள், ஸ்வெட்டர்கள், ஆண்களின் பருத்திச் சட்டைகள், தோல் பெல்ட்டுகள் எல்லாம் இந்த வகை. விசேஷத்துக்குத் தைத்ததை அன்றாடத்துக்கு இறக்கிக்கொண்டு வருவது இன்னொன்று. முதல் வழி சுலபம், புதிதாகத் தொடங்குகிறவர்கள் அங்கேயே தொடங்கலாம். இரண்டாவது வழிக்குக் கொஞ்சம் கைப்பழக்கம் வேண்டும். ஆனால் சுவாரசியம் எல்லாம் அதில்தான்.

வயதுக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வியாபாரத்தில் பொதுவாக 20 ஆண்டு ஆனால் விண்டேஜ். எட்ஸி என்ற இணைய விற்பனைத் தளம் விற்பனையாளர்களுக்கு வைத்திருக்கும் விதியும் அதுவே. நூறைத் தாண்டினால் ஆன்டிக். பழைய பாணியில் புதிதாகத் தைத்தால் ரெட்ரோ. போன வருடம் யாரோ வாங்கி இந்த வருடம் தள்ளிவிடுவது வெறும் செகண்ட் ஹேண்ட். இந்தக் கணக்குப்படி 2000-களின் தொடக்கத்தில் வந்த லோ வெயிஸ்ட் ஜீன்ஸும் விண்டேஜ் ஆகிவிட்டது. அதை அன்று புதிதாக வாங்கிப் போட்டவர்களுக்கு இது அவ்வளவு இனிப்பான செய்தி இல்லை. எப்படியோ, இருபது வருடம் ஆனதாலேயே ஒரு உடை நல்ல உடை ஆகிவிடாது.

பழைய உடைக்கு இப்போதிருக்கும் மவுசில் சிவப்புக் கம்பளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2001 ஆஸ்கர் விழாவுக்கு நடிகை ரெனே ஸெல்வெகர் 1950-களில் ழான் டெஸ்ஸே என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய மஞ்சள் கவுனில் வந்தார். அதே மேடையில் நடிகை ஜூலியா ராபர்ட்ஸ் வடிவமைப்பாளர் வேலன்டினோவின் 1992-ஆம் ஆண்டுக் கவுனில் விருது வாங்கினார். இரண்டாவதற்கு அப்போது பத்து வயதுகூட ஆகவில்லை என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை, இன்றுவரை அது விண்டேஜ் பட்டியலில்தான் இருக்கிறது. ஆனால் இதனால் ஒரு பக்கவிளைவும் வந்தது. விண்டேஜ் என்றால் தரையைத் தொடும் கவுன் என்று மனதில் பதிந்துவிட்டது. திங்கட்கிழமை காலை அவசரமாகக் கிளம்புகிறவருக்கு அந்தப் படத்தால் ஒரு பயனும் இல்லை.

உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்

விற்பவர் ‘நாற்பதுகளில் தைத்தது’ என்று சொன்னால் அப்படியே நம்ப வேண்டியதில்லை. உடையை உள்பக்கம் திருப்பினால் ஓரளவு அதுவே சொல்லிவிடும்.

முதலில் ஜிப். கவுனின் இடது பக்கத் தையலில் உலோக ஜிப் இருந்தால் 1930-களின் பிற்பகுதிக்கும் 1950-களுக்கும் இடைப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். 1960-களில் நைலான் ஜிப் பரவலானது, அதற்குள் ஜிப்பின் இடமும் பெரும்பாலும் முதுகின் நடுவுக்கு வந்துவிட்டது. ஆனால் ஜிப்பை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. உடையில் முதலில் கெட்டுப்போகும் பாகம் அதுதான், நடுவில் யாராவது மாற்றியிருக்கலாம். வீட்டில் தைத்தவர்கள் டப்பாவில் கிடந்த பழைய ஜிப்பை எடுத்துப் போட்டிருக்கவும் கூடும்.

அடுத்து லேபிள். துவைக்கும் முறையைச் சொல்லும் லேபிள் அமெரிக்காவில் 1972-இல்தான் கட்டாயமானது. அமெரிக்க உடையில் அது இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பின் வந்தது. சொற்கள் இல்லாமல் வெறும் படக்குறிகள் மட்டும் இருந்தால் இன்னும் பின்னால் வர வேண்டும், அங்கே அதற்கு அனுமதி கிடைத்தது 1997-இல். ‘ஆர்என்’ (RN) என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஓர் எண் இருந்தால், அது அந்நாட்டு அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன், அந்த உடை நிறுவனத்துக்குக் கொடுத்த பதிவு எண். 13670-இல் தொடங்கும் வரிசை 1959-க்குப் பிறகானது. எண்ணைக் கமிஷனின் தளத்தில் போட்டால் நிறுவனத்தின் பெயர் வரும். அது நிறுவனம் பதிவான காலம்தானே தவிர, உங்கள் கையில் இருக்கும் சட்டை தைக்கப்பட்ட ஆண்டு அல்ல. கம்பளி உடையில் வுல்மார்க் முத்திரை இருந்தால் 1964-க்கு முன் இருக்க முடியாது. பிரிட்டிஷ் உடையில் ‘சிசி41’ (CC41) முத்திரை தெரிந்தால் அது போர்க்காலச் சிக்கனத் திட்டத்தில் 1941-க்கும் 1952-க்கும் இடையே தைத்தது. ‘மேற்கு ஜெர்மனியில் தயாரித்தது’ என்றிருந்தால் 1990-க்குப் பின் வர வழியில்லை.

துணியும் பேசும். பாலியஸ்டர் சந்தைக்கு வந்தது 1950-களில். இழுத்தால் நீளும் லைக்ரா கண்டுபிடிக்கப்பட்டது 1958-இல். நாற்பதுகளின் கவுன் என்று சொல்லப்படுவது ரப்பர் மாதிரி இழுபட்டுத் திரும்பினால், சொன்னவரிடம் ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டு நகரலாம்.

ஜீன்ஸ் தேடுகிறவர்கள் தனி உலகம். லீவைஸ் நிறுவன ஜீன்ஸின் பின்பாக்கெட்டில் தொங்கும் சின்னச் சிவப்புத் துணித்துண்டு 1936-இல் வந்தது. அதில் ஆங்கிலத்தில் இருக்கும் பிராண்டின் பெயரிலுள்ள ‘இ’ (E) எழுத்து 1971 வரை பெரிய எழுத்தாக இருந்தது, பிறகு சின்ன எழுத்தானது. காலின் வெளித்தையலை உள்பக்கம் மடித்துப் பார்த்தால், பிரியாமல் நெய்த கரை தெரிகிறதா என்று தேடுவார்கள். அந்தக் கரை ஏறக்குறைய 1980-களின் நடுப்பகுதியோடு வழக்கமான தயாரிப்பிலிருந்து போய்விட்டது. ஆனால் அதே நிறுவனம் தன் பழைய மாதிரிகளை மறுபடி தைத்து விற்கிறது. பெரிய எழுத்து, கரை எல்லாம் அதிலும் இருக்கும். டி-ஷர்ட்டுகளிலும் இப்படித்தான். கை ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் ஒற்றைத் தையல் ஓடினால் 1990-களின் நடுப்பகுதிக்கு முந்தியது என்பது பழைய கணக்கு. அது ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு, போலி டி-ஷர்ட் அடிப்பவர்கள் தையலையும் ஒற்றையாகவே போடுகிறார்கள்.

போட்டுக்கொள்ள வாங்குகிறவருக்கு இவ்வளவும் தேவையா என்று கேட்கலாம். ஆண்டு துல்லியமாகத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் காலம் சுமாராகத் தெரிந்தால் என்ன துணியாக இருக்கும், தண்ணீரில் போடலாமா, கேட்கிற விலை நியாயமா என்பதெல்லாம் பிடிபடும்.

எண்ணை மறந்துவிட்டு டேப்பை எடுங்கள்

லேபிளில் எழுதியிருக்கும் சைஸ் எண்ணைப் போல ஆளை ஏமாற்றுவது வேறொன்றும் இல்லை. அமெரிக்க விவசாயத் துறை 1939-40-இல் சுமார் 15,000 பெண்களின் உடலை அளந்தது. அந்தத் தரவை வைத்து 1958-இல் பெண்கள் உடைக்கு ஒரு தேசிய அளவுமுறை வந்தது. 1983-இல் அது கைவிடப்பட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு எண் போட்டது. வாங்குகிறவர் மனம் குளிரட்டும் என்று அதே எண்ணுக்குள் மேலும் மேலும் துணி சேர்ந்தது. அதனால் அன்று 12 என்று எழுதிய கவுன், இன்று பல பிராண்டுகளில் 6 என்று எழுதியிருக்கும் உடையின் அளவுதான் இருக்கும். தன் எண்ணைப் பார்த்து எடுத்துப் போட்டுப் பார்த்தவர், பாதியில் சிக்கிக்கொண்டு நிற்பார்.

செய்ய வேண்டியது எளிது. உங்களிடம் இருப்பதிலேயே நன்றாகப் பொருந்தும் சட்டை, பேன்ட், கவுன் ஒவ்வொன்றையும் தட்டையாகப் பரப்பி அளந்து போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அக்குளிலிருந்து அக்குள் வரை, இடுப்பு, தொடைப் பகுதி, தோள் தையலிலிருந்து தோள் தையல் வரை, நீளம் என்று ஐந்து அளவு போதும். கடையில் பார்ப்பதையும் அதே மாதிரி தட்டையாகப் பரப்பி அளந்து ஒப்பிடுங்கள். உடம்பை அளந்த அளவோடு உடையின் அளவை நேராக ஒப்பிடக் கூடாது. நீளாத துணிக்கு உடம்பைவிடச் சில சென்டிமீட்டராவது கூடுதல் இருந்தால்தான் மூச்சு விட முடியும்.

அளவு சரியாக இருந்தும் போட்டால் ஏதோ இடிக்கிறது என்றால் காரணம் வேறிடத்தில் இருக்கலாம். 1947-இல் பிரெஞ்சு வடிவமைப்பாளர் டியோர் கொண்டுவந்த ‘நியூ லுக்’ பாணியையும் அதைப் பின்பற்றி வந்த ஐம்பதுகளின் கவுன்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பை இறுக்கும் உள்ளாடை, மார்பைக் கூம்பாக நிறுத்தும் பிரா, பாவாடைக்கு அடியில் விறைப்பான பெட்டிகோட் எல்லாம் உள்ளே இருக்கும் என்ற கணக்கில்தான் அவை வெட்டப்பட்டன. அவை இல்லாமல் போட்டால் மார்புப் பகுதி காலியாகச் சுருங்கும், இடுப்பு பிடிக்கும். தவறு உங்கள் உடம்பிலும் இல்லை, கவுனிலும் இல்லை. அறுபதுகளின் கோட்டுகளில் ஆர்ம்ஹோல், அதாவது கை நுழையும் துளை, சின்னதாகவும் மேலேயும் இருக்கும். நின்று கண்ணாடி பார்க்கும்போது அம்சமாகத் தெரியும், கையைத் தூக்கினால் கோட்டே மேலே ஏறும். அதனால் போட்டுப் பார்க்கும்போது சும்மா நிற்காதீர்கள். உட்காருங்கள், குனிந்து செருப்பை மாட்டுங்கள், பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கிற மாதிரி கையைத் தூக்குங்கள். அன்றாட உடைக்கு இதுதான் பரீட்சை.

எதைச் சரிசெய்யலாம் என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். நீளத்தைக் குறைப்பது, பக்கவாட்டில் பிடிப்பது, பட்டன், ஜிப் மாற்றுவது எல்லாம் சாதாரண டெய்லர் வேலை. பழைய உடைகளில் தையலுக்கு உள்ளே தாராளமாகத் துணி விட்டிருப்பார்கள், பிரித்துவிட்டால் இடுப்பில் ஒன்றிரண்டு அங்குலம் கிடைத்தாலும் கிடைக்கும். ஆனால் பிரித்த இடத்தில் பழைய தையல் தடமும், வெயில் படாத அடர் நிறமும் தெரியலாம், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். தோள்பட்டை வேறு கதை. தோள் பெரிதாக இருக்கும் கோட்டைச் சரிசெய்ய கையைப் பிரித்து, லைனிங்கைப் பிரித்து, மறுபடி வெட்டித் தைக்க வேண்டும். அந்தக் கூலிக்கு இன்னொரு கோட்டே வாங்கிவிடலாம். தோள் பொருந்தவில்லை என்றால் கீழே வைத்துவிடுங்கள் என்பதுதான் என் யோசனை.

பழுது பார்ப்பது

ஒரு கம்பளிக் கோட்டு கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பார்ப்போம். முதலில் ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். ஊசிமுனை வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அந்துப்பூச்சி வேலை. துணியைத் தின்பது பறக்கும் பூச்சி அல்ல, அதன் புழு. கம்பளி, பட்டு, ரோமம் என்று விலங்கிலிருந்து வந்த நாரைத்தான் அது தேடும். காலருக்கு அடியிலும் பாக்கெட் மூடிக்குக் கீழேயும்தான் முதலில் குடியேறும். அங்கே மணல் மாதிரி துகளோ நூலாம்படை மாதிரி கூடோ தென்பட்டால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கலாம், வீட்டுக்குக் கொண்டுபோனால் உங்கள் ஸ்வெட்டர்களுக்கும் ஆபத்து. அடுத்து காலரைத் தூக்கி மடிப்புக்கு உள்ளே பாருங்கள். உள்ளிருக்கும் நிறத்துக்கும் வெளியில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இத்தனை வருட வெளுப்பு. பிறகு அக்குள். லைனிங் அங்கே விறைத்தோ மஞ்சள் பூத்தோ இருக்கும். வியர்வையும் வியர்வைத் தடுப்பானில் உள்ள அலுமினிய உப்பும் சேர்ந்து துணியையே பலவீனமாக்கிவிடும், லேசாக இழுத்தால் கிழியும். லைனிங் மட்டும் கெட்டிருந்தால் மாற்றிக்கொள்ளலாம். வெளித்துணி அங்கே பொடிந்தால் வேண்டாம். கஃப், பாக்கெட் வாய், பட்டன் துளை மூன்றையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கடைசியாக முகர்ந்து பாருங்கள். அந்துருண்டை வாசனை காற்றில் பல நாள் தொங்கவிட்டால் பெரும்பாலும் குறைந்துவிடும். பூஞ்சை நாற்றமும் சிகரெட் நாற்றமும் அவ்வளவு சீக்கிரம் போகாது.

துணிக்குத் துணி நோயும் வேறு. பட்டு உள்ளே நொறுங்கியிருக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பட்டுக்குக் கனம் ஏற்ற உலோக உப்புகள் சேர்த்தார்கள். அந்த உப்பே காலப்போக்கில் இழையை அறுத்துவிட்டது. கசக்கினால் காய்ந்த இலை மாதிரி சத்தம் வந்தால் வைத்துவிட வேண்டியதுதான், அதைத் தைத்துக் காப்பாற்ற முடியாது. தோல் போலத் தெரியும் ரெக்சின் வகை ஜாக்கெட்டுகளில் மேலிருக்கும் பாலியூரித்தேன் பூச்சு ஈரக்காற்றிலேயே சிதைந்து பிசுபிசுக்கும், அப்புறம் செதில் செதிலாக உதிரும். இதற்கும் வைத்தியம் இல்லை. அசல் தோல் ஐம்பது வருடம் தாங்கும், அதைப் போலிசெய்தது பதினைந்து வருடத்தில் உரியும். வாங்குகிற இடத்தில் இந்த வேறுபாடு தெரிந்தால் பணம் மிஞ்சும்.

இணையத்தில் வாங்கும்போது கண், கை, மூக்கு மூன்றில் கண்ணுக்கு மட்டும்தான் வேலை. அதனால் தட்டையாக அளந்த அளவு, அக்குளின் உள்பக்கப் படம், லேபிள் படம், ஜிப் படம் நான்கையும் கேட்டு வாங்குங்கள். ‘வயதுக்கு நன்றாக இருக்கிறது’ என்ற வரிக்கு என்ன அர்த்தம் என்று விற்பவரிடமே கேட்டுவிடுவது நல்லது. படம் எடுத்து அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்காமல் இருப்பது இன்னும் நல்லது.

உடுத்துவது

ஒரே காலத்தைத் தலையிலிருந்து கால்வரை உடுத்துவதுதான் பெரும்பாலானோர் செய்யும் முதல் காரியம். ஐம்பதுகளின் கவுன், அதே காலத்துக் கையுறை, தொப்பி, சுருட்டிய முடி, சிவப்பு உதட்டுச்சாயம். இதைத் தினமும் ரசித்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அது ஒரு கலைதான். மற்றவர்களுக்கு அது நாடக மேடை உடுப்பு போல ஆகிவிடும். காலத்தை உறுதிப்படுத்துவது கவுன் மட்டும் அல்ல, முடியும் செருப்பும் பையும் சேர்ந்துதான். அவற்றை இன்றையதாக வைத்துக்கொண்டால் கவுன் வெறும் நல்ல கவுனாக மாறிவிடுகிறது. ஒரு உடுப்பில் ஒரு பழைய உருப்படி, மிஞ்சினால் இரண்டு என்று தொடங்குங்கள். இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கை பழகும்வரை ஒரு பிடிமானம், அவ்வளவுதான்.

முன்னே சொன்ன அந்த விருந்து உடைகளுக்கு வருவோம். அவற்றின் பிரச்சினை பளபளப்பும் விறைப்பும். பக்கத்தில் சொரசொரப்பான, மங்கலான துணி வந்தால் பளபளப்பு அடங்கும். ஜரிகை நெய்த ஒரு மாலைநேர ஜாக்கெட்டை அதற்கென்று தைத்த பாவாடையோடு போட்டால் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்கும். அதையே பட்டன் போடாமல், சாம்பல் நிற டி-ஷர்ட்டுக்கும் நேர்க்கால் ஜீன்ஸுக்கும் மேல் போட்டுக் கையை ஒரு மடிப்பு மடித்துவிட்டால் அலுவலகத்துக்கே போகலாம். சாட்டின் கவுன்மேல் தடித்த நூல் ஸ்வெட்டரை மாட்டினால் கவுன் பாவாடையாகிவிடும், கழுத்து வேலைப்பாடு பகலில் வெளியே தெரிய வேண்டியதும் இல்லை. ஐம்பதுகளின் அகலப் பாவாடையைப் பெட்டிகோட் இல்லாமல் போடுங்கள். கூடாரம் மாதிரி நிற்காமல் தொய்ந்து விழும், மேலே உடம்போடு ஒட்டிய பின்னல் டாப், காலில் தட்டைச் செருப்பு அல்லது வெள்ளை ஸ்னீக்கர் போதும்.

எண்பதுகளின் பிளேசர்தான் இப்போது எல்லோரும் தேடுவது. கிடைப்பதும் ஏராளம், விலையும் அவ்வளவு இல்லை, துணியும் பெரும்பாலும் நல்ல கம்பளி. ஆனால் தோளில் பஞ்சு மெத்தை வைத்திருக்கும். வாங்கியதும் பலர் அதைப் பிய்த்து எறிகிறார்கள். அங்கேதான் உடை கெடுகிறது. தோளின் துணி அந்த மெத்தையின் உயரத்துக்கு வெட்டப்பட்டது, அதை எடுத்தால் தோள் முனையில் பள்ளம் விழுந்து கை தொங்கும். முழுதாக எடுக்காமல், பாதித் தடிமனில் ஒன்றை வாங்கி அதே இடத்தில் தைத்தால் தோள் அடங்கும், கோடும் கெடாது. மேலே இவ்வளவு அகலம் வந்தபின் உள்ளே மெல்லிய துணி, கீழே நேரான பேன்ட் என்று மற்றதை அமைதியாக வையுங்கள். மணிக்கட்டு வெளியே தெரியும்படி கையை மடித்துவிடுங்கள். அதைச் செய்தாலே, அப்பாவின் கோட்டைக் கடன் வாங்கிய தோற்றம் பாதி போய்விடும்.

உயர்ந்த இடுப்புப் பேன்ட்டில் சட்டையை உள்ளே விடாவிட்டால் அதன் வெட்டே வீண். இடுப்பு எங்கே தொடங்குகிறது என்று தெரிய வேண்டும், அதற்குத்தான் அந்த உயரம். எழுபதுகளின் சட்டைகளில் காலர் முனை நாய்க்காது மாதிரி நீண்டிருக்கும். பிடிக்காவிட்டால் வட்டக் கழுத்து ஸ்வெட்டருக்குள் முனையைத் தள்ளிவிடலாம், துணியின் அச்சு மட்டும் எட்டிப் பார்க்கும். பெண்கள் ஆண்கள் பகுதியையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு வருவது நல்லது. சட்டைகளும் கார்டிகன்களும் அங்கே துணியும் நன்றாக இருக்கும், அளவும் தாராளமாக இருக்கும்.

நிறத்தில் ஒரு நுணுக்கம் உண்டு, இதை அதிகம் பேர் சொல்லிக் கேட்டதில்லை. இன்றைய வெள்ளைத் துணிகளிலும் சோப்புத்தூளிலும் ஒளிரவைக்கும் ரசாயனம் இருப்பதால் அவை நீலம் கலந்த பளீர் வெள்ளையாகத் தெரிகின்றன. பழைய தந்தநிற பிளவுஸை அப்படிப்பட்ட வெள்ளை பேன்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தால், நேற்றுத்தான் துவைத்திருந்தாலும் அழுக்காகத் தெரியும். அதே பிளவுஸை மணல் நிறத்தோடோ, வெளுத்த டெனிமோடோ, அடர் பழுப்போடோ போட்டுப் பாருங்கள். நிறம் வெளுத்த துணிக்கு வெளுத்த துணிதான் நல்ல கூட்டாளி.

துணிச்சல் வராதவர்கள் பெல்ட், ஸ்கார்ஃப், கைப்பை என்று தொடங்கலாம். அளவுப் பிரச்சினை கிடையாது, பிடிக்காவிட்டால் பெரிய நஷ்டமும் இல்லை.

துவைப்பதும் வைப்பதும்

வாங்கி வந்ததை அலமாரியில் மற்ற துணிகளோடு உடனே சேர்க்காதீர்கள். கம்பளியாக இருந்தால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரி குளிரில் இரண்டு வாரம் வையுங்கள். புழுவும் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் துணியில் ஈரம் படியும்.

துவைக்கும் முன் உள்தையல் ஓரத்தில் ஈர வெள்ளைத் துணியை அழுத்திச் சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். பருத்தியும் லினனும் மஞ்சள் பூத்திருந்தால் ஆக்ஸிஜன் ப்ளீச்சில் சில மணிநேரம் ஊறவைத்தால் ஆச்சரியப்படும் அளவுக்குத் தெளியும். பட்டிலும் கம்பளியிலும் அதைத் தொடவே கூடாது. குளோரின் ப்ளீச் அதைவிட மோசம், கம்பளியைக் கரைத்தே விடும். நாற்பதுகளின் ரேயான் க்ரேப் தண்ணீரைக் கண்டால் கண்முன்னே சுருங்கும், டிரை கிளீன்தான் அதற்கு வழி. நாடக உடை பராமரிப்பவர்கள் அடிக்கடி துவைக்க முடியாத உடைகளின் உள்பக்கத்தில் வோட்காவைத் தெளித்துக் காயவைப்பார்கள், வாசனை இல்லாத ஆல்கஹால் நாற்றத்தை எடுத்துக்கொண்டு ஆவியாகிவிடும். வீட்டிலும் செய்யலாம், ஆனால் தெரியாத ஓரத்தில் சோதித்துவிட்டு.

ஸ்வெட்டரைத் தொங்கவிட்டால் தோளில் கொம்பு முளைக்கும், மடித்து வையுங்கள். துணியை மூலைவாட்டில் சாய்த்து வெட்டித் தைத்த முப்பதுகளின் கவுன்களும் தொங்கத் தொங்க நீண்டுகொண்டே போகும். கோட்டுக்கு அகலமான ஹேங்கர் வேண்டும், கம்பி ஹேங்கர் ஆகாது.

சில உடைகளை எவ்வளவு ஆசையிருந்தாலும் அன்றாடப் பட்டியலில் சேர்க்க முடியாது. 1920, 30-களின் மினுக்குப் பொட்டு வைத்த கவுன்கள் அப்படி. அந்தப் பொட்டுகளில் பல ஜெலட்டினால் செய்தவை. தண்ணீர் பட்டால் கரையும், உடம்புச் சூட்டிலும் வியர்வையிலும்கூட இளகி ஒட்டிக்கொள்ளும். மணி கோத்தவற்றில் மணியின் எடையையே மெல்லிய துணி தாங்காது, ஹேங்கரில் தொங்கினாலே தோளில் கிழியும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் ஆசைதீரப் பார்த்துவிட்டு, பக்கத்து வரிசையில் தொங்கும் கம்பளிக் கோட்டின் தோள் பொருந்துகிறதா என்று பாருங்கள்.